கிரைமில் இறங்கிய பிள்ளை

வெம்பிளியில் இருக்கும் என் மனைவியின் தங்கை எனக்குத் தமிழில்தான் செய்தி அனுப்புவாள். ஆங்கிலத்தில் அனுப்பினால் நான் எழுத்துப்பிழை பிடித்துத் திருப்பி அனுப்புவேன் என்ற பயம். அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் அவள் அனுப்பியது இது: "அத்தான், உங்கடை பிள்ளை கிரைமிலை நல்லா இறங்கீட்டாளாம். இஞ்சை பெடியள் எல்லாம் அவளின்ரை கதைதான். கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ."

க்ரொய்டனிலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்கு வரும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து அதை வாசித்தேன். பள்ளி விட்ட நேரம். என்னைச் சுற்றிக் கறுப்பு ஜாக்கெட்டுகள், தலையை மூடிய தொப்பிகள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே சிப்ஸ் தின்னும் வாய்கள். ஒரு நிமிடத்துக்கு முன் அவர்கள் சிப்ஸ் தின்னும் பிள்ளைகள். வாசித்து முடித்ததும் எல்லோரும் சந்தேக நபர்களாகிவிட்டார்கள். இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். பின்தொடர்பவர்களைக் குழப்புவதற்கு என்று நினைக்கிறேன். பின்னால் ஒரு வயதான பெண்ணும் அவருடைய நாயும்தான் வந்தார்கள். நாயை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

உண்மையை இங்கேயே உடைத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு கிரைம் உண்டு. 'சி' என்ற எழுத்தில் தொடங்குவது குற்றம். 'ஜி' என்ற எழுத்தில் தொடங்குவது ஒரு பாட்டு வகை. கிழக்கு லண்டன் அடுக்குமாடிகளில், உரிமம் இல்லாத வானொலிகளில் பிறந்தது; தறிகெட்டு ஓடும் தாளத்தின் மேல் மூச்சு விடாமல் சொல்லை எறிகிற வித்தை. ஒரு காலத்தில் பொலிஸ் கலைத்துக்கொண்டு திரிந்த அந்தப் பாட்டு இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரைத் தலைப்பு. என் பல்வைத்தியர்கூட என் வாயைப் பிளந்து வைத்துவிட்டு அதைத்தான் மெல்லப் போட்டுக் கேட்கிறார். ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு 'க'. குற்றத்துக்கும் அதுதான், கூத்துக்கும் அதுதான்.

இந்த இரண்டாவது கிரைம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியவர மூன்று நாள் ஆனது. ஒரு தகப்பன் தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைக்க மூன்று நாள் தாராளம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் மொழிபெயர்ப்பாளன். இருபது வருடமாகத் தொலைபேசியில் வாய்மொழி பெயர்க்கிறேன். ஆஸ்பத்திரி, குடிவரவு அலுவலகம், நீதிமன்றம் என்று எங்கிருந்தும் கோல் வரும். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ், நடுவில் நான். சேர்க்கக் கூடாது, விடக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. இதுதான் எங்கள் தொழிலின் வேதம். இரண்டு மொழியையும் பிரித்துக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவன் ஒரு எழுத்தில் தடக்கி விழுந்தான். ஆங்கிலத்தில் எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் நான் பயப்படுவது தமிழில்தான்.

மகளுக்குப் பதினேழு வயது. வீட்டில் ஆங்கிலத்தில் பேசுவாள். அப்பா, அம்மா, பசிக்குது ஆகிய மூன்றும் தமிழ். ஆகவே அவள் பேசியதையெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழுக்கு மாற்றித் தருகிறேன். அன்று அவள் வாசலால் வந்த மாதிரியே எனக்குப் பிழையாகத் தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தாள். பதினேழு வருடத்தில் அவள் சப்பாத்தை நேராக வைத்ததில்லை. எதையோ மறைக்கிற பிள்ளைதான் சப்பாத்தை நேராக வைக்கும் என்று எனக்குள் இருந்த துப்பறிவாளன் சொன்னான். அவன் அதற்கு முன் ஒரு வழக்கையும் துப்புத் துலக்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவுக்கு வெளியே துவாய் மடித்துக்கொண்டு நின்றேன். ஒரே துவாயைப் பதினைந்து நிமிடம் மடித்தேன். உள்ளே அவள் போனில் யாரோ சிநேகிதியோடு கதைத்தது தெளிவாகக் கேட்டது.

"அவள்தான் முதல்ல எனக்கு அனுப்பினவள். வாற கிழமை வியாழன் அவளை முடிக்கிறன். என்னட்டைப் பதினாறு பார் இருக்கு, இன்னும் எட்டுத் தேவை."

அனுப்புவது என்றால் பாட்டில் திட்டி வம்புக்கு இழுப்பதாம். பதினாறு பார். பாட்டுக்காரர்கள் வரியை அப்படித்தான் எண்ணுவார்களாம். எனக்குத் தெரிந்த பார் இரும்புப் பார் ஒன்றுதான். நேரே பின்வளவுக் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். என்னிடம் இருந்த ஒரே அலவாங்கைக் காணவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கு அதை இரவல் கொடுத்தது நான்தான் என்று நினைவு வர அரைமணி நேரம் பிடித்தது. அந்த அரைமணி நேரமும் கொட்டிலுக்குள், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். குழாய் எதற்கு என்று எனக்கே தெரியாது.

சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் தொழிலில் ஒருமுறை, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோலில், ஒரு டொக்டர் சொன்ன ஒரு வசனத்தை ஒரு தாய்க்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். கத்தி பட்ட பிள்ளை. விவரம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த வசனத்தில் சேர்க்கவும் விடவும் ஒன்றும் இருக்கவில்லை. சொல்லி முடித்தேன். டொக்டர், "அவருக்கு விளங்கியதா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். அந்தத் தாய் "ஓம் தம்பி" என்றார். அந்த "ஓம் தம்பி" இப்போதும் சில நேரம், தேநீர் ஊற்றும்போது, சும்மா காதுக்குள் வரும்.

புதன்கிழமை அவள் கல்லூரிக்குப் போன பிறகு படிக்கட்டில் ஒரு கொப்பி கிடந்தது. கிடந்தது என்றால், அவளுடைய பைக்குள் இருந்து, பை அறைக்குள் இருந்து, அறைக் கதவு பூட்டாமல் இருந்து, நான் உள்ளே போய் எடுத்துவந்து படிக்கட்டில் வைத்த பிறகு கிடந்தது. திறந்தேன். முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரு பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்:

கொத்துவன் கொத்துவன் துண்டு துண்டாக் கொத்துவன்
வியாழன் வாடி பிள்ளை, உன்னைத் தட்டிலை வைப்பன்

அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் முட்டையும் கறியும் வந்திருக்கும், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். பயந்தவன் பக்கம் திருப்ப மாட்டான்.

முதலில் எழுந்த ஆசை அதை எரித்துவிடுவது. பத்தொன்பது வயதில், ஊரில், இராணுவச் சுற்றிவளைப்பு என்று செய்தி வந்த ஒரு காலையில் என் பாட்டுக் கொப்பியை அடுப்புக்குள் வைத்தவன் நான். அதில் இருந்தது அரைவாசி காதல் பாட்டு. பிடிக்கிறவன் பாட்டை வாசித்துப் பார்த்தா பிடிப்பான்? ஆனால் அங்கே அடுப்பு இருந்தது. இங்கே இருப்பது புகை அலாரம். எரித்தால் தெருவே வெளியே வந்து நிற்கும். ஆகவே படித்த மனிதனாக, இந்த நாட்டின் முறைப்படி, போனை எடுத்தேன்.

பிள்ளைகள் ஆபத்தில் இருந்தால் அறிவிக்க ஒரு இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்துக்கு வரும் தமிழ்த் தாய்தகப்பனுக்கு நானே பல தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்கள் அழுவதையும் அதே குரலில், அதே அளவில் மொழிபெயர்க்க முடியாது என்பதால், "அழுகிறார்" என்று மட்டும் சொல்வது வழக்கம். அன்றைக்கு என்னை மொழிபெயர்க்க ஆள் இல்லை.

எடுத்தது ஒரு பெண். குரலில் அவ்வளவு பொறுமை. மகளின் பெயர், வயது, கல்லூரி எல்லாம் கேட்டார். கொடுத்தேன். எழுதியிருந்த சொல் சரியாக என்ன என்று கேட்டார். அந்த இடத்தில், கடவுளே, எனக்குத் தொழில் பெருமை வந்துவிட்டது. துண்டு துண்டாக வெட்டுவேன், வியாழக்கிழமை வா, உன்னைத் தட்டில் வைப்பேன் என்று, ஒரு சொல் கூடாமல் குறையாமல், நல்ல ஆங்கிலத்தில் கொடுத்தேன். வெட்டுவது கத்தியாலா என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வினைச்சொல் ஆயுதத்தைக் குறிப்பிடவில்லை, கத்தியாகவும் இருக்கலாம், கோடாலியாகவும் இருக்கலாம், மண்வெட்டிக்கும் அதே சொல்தான் என்று விளக்கினேன். மறுமுனையில் மூன்றையும் தட்டெழுதும் சத்தம் கேட்டது. எங்கள் தொழிலில் விளக்கம் சொல்லக் கூடாது என்று சொன்னேன் அல்லவா?

பின்னேரம் மனைவி வேலையால் வந்தாள். அவள் முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் பார்ப்பவள். வந்ததும் காலைத் தூக்கிக் கதிரையில் வைப்பாள். கால் கதிரைக்குப் போகமுன்னமே எல்லாவற்றையும் கொட்டினேன். தங்கையின் செய்தியைக் காட்டினேன். கொப்பியைக் காட்டினேன். போன் எடுத்ததை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அவள் செய்தியை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது பாட்டு," என்றாள்.

"என்ன பாட்டு?"

"கிரைம் பாட்டு. இவள் ஒரு வருசமாப் பாடுறாள். அடுத்த கிழமை வியாழன் க்ரொய்டன் மண்டபத்திலை ஒருத்தரையொருத்தர் திட்டிப் பாடுற போட்டி. மற்றப் பிள்ளை இவளின்ரை வகுப்புத்தான், போன கிழமை இஞ்சை வந்து இடியப்பம் சாப்பிட்டிட்டுப் போனது. நான்தான் படிவத்திலை கையெழுத்து வைச்சனான்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் பகிடி பண்ணுவீங்கள். பிள்ளை வேண்டாம் எண்டவள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போத்தலை எடுத்துத் தா என்கிற குரலில்தான் சொன்னாள். இருபத்தொரு வருடம் ஒரு வீட்டைச் சிரிக்க வைத்தவன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

போன் எடுத்ததை அப்போதுதான் சொன்னேன். அவளுடைய கால் கதிரையிலிருந்து இறங்கியது. எழுந்து போய்ப் படிவத்தின் பிரதியை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பங்கு பற்றுகிற எவர் மேலாவது ஒரு முறைப்பாடு வந்தால், அவருடைய பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பரதநாட்டியத்துக்கு அப்படி ஒரு வரி போட்டு நான் கண்டதில்லை.

உடனே அந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுத்தேன். வேறொரு பெண். அதே பொறுமை. நான் செய்தது பிழை, அது பாட்டு, தமிழில் ஒரே ஒரு 'க'தான் இருக்கிறது என்று மூச்சு வாங்க விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தகப்பன் தான் சொன்னதை மாற்றிச் சொல்கிறார் என்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் யாராவது என்னை வற்புறுத்துகிறார்களா என்றும் கேட்டார். மனைவி பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள். இல்லை என்று சொன்ன என் குரல், வற்புறுத்தப்பட்டவனின் குரலாகவே எனக்கும் கேட்டது.

கொப்பியை அவளுடைய பைக்குள் திரும்ப வைத்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மகளுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள் என்று மனைவி நாலு தரம் சொன்னாள். ஓம், சொல்லுறன் என்று நாலு தரமும் சொன்னேன். கதவு மணி அடித்தால் முதலில் ஓடியது நான். பார்சல்காரன் வந்தான். அடுத்த வீட்டுக்காரர் அலவாங்கைக் கொண்டுவந்து தந்தார். வாங்கிய வேகத்தில் அதைக் கொட்டிலின் கடைசி மூலையில் சாக்குப் போட்டு மூடினேன். தேடி வருகிறவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள்? மூடிய பிறகு, மூடி வைத்ததைக் கண்டால் இன்னும் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துச் சாக்கை எடுத்தேன். இப்படி அதை மூன்று தடவை மூடித் திறந்தேன். மகளோ மேலே அறைக்குள் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பெயர் ஏதோ ஒரு கணினிக்குள் கோடாலியோடும் மண்வெட்டியோடும் இருந்தது. வைத்தது நான்.

சனி காலை பத்து மணிக்கு அந்த இலக்கத்துக்காரர்கள் இருவர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண். மடிக்கணினியோடு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பின மனிதர். இருவரும் சிரித்த முகம். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார்கள். மனைவி தேநீரும் ரோல்ஸும் வைத்தாள். நம் ஆட்களுக்கு யார் வந்தாலும் ரோல்ஸ்தான்.

மகளைக் கூப்பிட்டார்கள். வந்து கதிரை நுனியில் இருந்தாள். அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து வாசித்தார். துண்டு துண்டாக வெட்டுவேன். வியாழக்கிழமை வா. என் ஆங்கிலம். இவ்வளவு நல்ல ஆங்கிலமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அந்தத் தாளைப் பார்த்தாள். இது அவர்களுக்கு எப்படிப் போனது என்று ஒரு கணக்கு அவளுடைய முகத்தில் ஓடியது. அந்த வீட்டில் தமிழை அப்படி மொழிபெயர்க்கக் கூடியவன் ஒருவன்தான்.

"அப்பா?" என்றாள்.

நான் ரோல்ஸ் தட்டை அந்த மனிதரின் பக்கம் தள்ளினேன்.

மூல வரிகளை ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டும் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். குடும்பத்தார் செய்யக் கூடாது என்றார்கள். அந்த விதி எனக்குத் தெரியும். எத்தனையோ மருமகன்மாரை நானே வாயை மூட வைத்திருக்கிறேன். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். வந்தது தமிழ்நாட்டுக் குரல், ஒரு பெண். வணக்கம் சொல்லி, தன் இலக்கம் சொல்லி, தொழில் சுத்தமாகத் தொடங்கினார். என் மகள் கொப்பியைக் கொண்டுவந்து வரிகளை வாசித்தாள், கடையில் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி.

"இன்னொரு தடவை சொல்லும்மா. கொத்துவன்னா, கொத்துவேன், அப்படித்தானே?"

"ஓம்."

"ஓமா?"

"ஆமா," என்று மனைவி பக்கத்திலிருந்து மெல்லத் திருத்தினாள்.

அந்தக் குரல் ஆங்கிலத்துக்கு மாறியது. பறவை அலகால் செய்வது போல, கோழி செய்வது போல, அவள் அந்தப் பிள்ளையைக் கொத்துவாள் என்றது. எனக்கு மூச்சு வந்தது. கோழி! அந்த மனிதர் கோழியைத் தட்டெழுதினார். என் கோடாலியும் மண்வெட்டியும் ஒரு கோழி அலகுக்குள் அடங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையான மொழிபெயர்ப்பு. நான் பார்த்ததிலேயே அழகான பிழை. மனைவி என் காலை மிதித்தாள், வாயைத் திறக்காதே என்று.

மகள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

முட்டையை உடைப்பன், கறியை ஊத்துவன்
சூடாறமுந்தி உன்னைப் பார்சல் கட்டுவன்

குரல் தொடர்ந்தது. முட்டையை உடைப்பாள். கோழிக்கு முட்டை, நல்லது. பிறகு "கறி" என்ற சொல்லில் கொஞ்சம் தயங்கியது. எங்களுக்குக் கறி என்றால் குழம்பு. அங்கே கறி என்றால் இறைச்சி. இறைச்சியை ஊற்றுவாள், சூடு ஆறும் முன் அந்தப் பிள்ளையைப் பொதியாகக் கட்டுவாள் என்றது அந்தக் குரல், நிதானமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

அட்டை தொங்கிய பெண்ணின் பேனா நின்றது. இறைச்சி, பொதி. தாளில் அந்த இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைத் தலைகீழாக வாசித்தேன். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில் நானும் அப்படி ஒரு மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறேன். வேறு நாடு, எதிரே சீருடை. அங்கே ரோல்ஸ் வைக்கவில்லை.

எனக்குத் தொழில், விதி எல்லாம் மறந்தது. எழுந்தே விட்டேன். "கொத்து ரொட்டி!" என்று கத்தினேன். அறிக்கையில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ தெரியாது. தகப்பன் திடீரென எழுந்து ஒரு உணவின் பெயரைச் சொன்னார் என்று இருக்கலாம்.

அந்தப் பெண் என்னை இருக்கச் சொன்னார். ஆனால் மடிக்கணினி மனிதர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையா என்று கேட்டார். அங்கே வெள்ளிக்கிழமைகளில் வாங்குவாராம். இரும்புத் தகட்டில் இரண்டு கரண்டியால் அடிக்கிற அந்தச் சத்தத்துக்காகவே வரிசையில் நிற்பாராம். மகள் தன் போனை எடுத்து ஒன்றைப் போட்டாள். அதே சத்தம், அவள் போனில் பதிந்து, வெட்டி, அடுக்கித் தாளமாக்கியது. அந்த மனிதர் முகம் மாறியது. பதினாறு வயதில் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, உரிமமில்லாத வானொலியிலிருந்து இந்த வகைப் பாட்டைப் பதிந்தவராம். கசெட் இன்னும் இருக்கிறதாம். இப்போது வாசிக்காதே, பாடு என்றார்.

அவள் பாடினாள். எங்கள் முன்னறையில், தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே, குற்றமில்லை என்று காட்டுவதற்காக. என் மகள் பாடி நான் முதல் தடவையாகக் கேட்டது அன்றுதான். ஆங்கிலத்துக்குள் தமிழ் வந்து விழுந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் முந்திப் பிடிக்க முடியவில்லை. போனில் இருந்த அந்தத் தமிழ்நாட்டு அம்மா கோலை வைக்க மறந்துபோனார். பாடி முடிந்ததும், "மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறார்," என்று, தொழில் முறைப்படி தன்னையே வேறு ஆள் போலக் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் சொன்னார். "அது சாப்பாடு."

இப்போதைக்கு மேல் நடவடிக்கை இல்லை என்றார்கள். மண்டபத்தாருக்கும் அப்படியே சொல்வார்களாம், பெயர் எடுபடாது. ஆனால் பதிவு பதிவாகவே இருக்கும். அழிக்கும் வழக்கம் இல்லை. கோடாலியும் இருக்கும், கோழியும் இருக்கும், இறைச்சியும் இருக்கும். வாசலில் நின்று அந்தப் பெண் மகளிடம், கரிசனையோடுதான், அந்த ஒரு சொல்லை மட்டும் மேடையில் தவிர்த்தால் நல்லது என்றார். தானும் அன்றைக்கு வருவதாகச் சொன்னார்.

கதவு சாத்திய பிறகு நான் ஒரு பகிடி சொன்னேன். என்ன பகிடி என்று எழுத மாட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வியாழன் வந்தது. அந்த மண்டபத்துக்கு அரங்கேற்றங்களுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். வாசலில் சந்தனம், கற்கண்டு, பட்டுச்சேலை. அன்றைக்கு வாசலில் ஆளை ஊடுருவிப் பார்க்கிற இரும்பு வளைவு. பைகளைத் திறந்து பார்த்தார்கள். என் மனைவியின் கைப்பையில் இருந்த நகவெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். வளைவைத் தாண்டினால் உள்ளே தொப்பிப் பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார், கழுத்துப்பட்டி கட்டிய ஆசிரியர்கள், கவுன்சில் ஆட்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். எல்லோரும் இந்தப் பாட்டைக் கொண்டாட வந்தவர்கள். வளைவைப் போட்டவர்களும் அவர்களேதான்.

மற்றப் பிள்ளை முதலில் பாடினாள். என் மகளைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அவளுடைய காலணி, தலைமயிர், என்னுடைய மீசைகூடத் தப்பவில்லை. நம் பழைய புலவர்கள் வசை பாடுவதைப் பெரிதாகச் சொல்வோம். அவர்கள் இந்தப் பிள்ளையிடம் வந்து கொஞ்சம் படிக்கலாம்.

பிறகு என் மகள். அந்த இரும்புத் தகட்டுச் சத்தம் மண்டபம் முழுக்க விழுந்தது. பின்சுவரோடு அட்டை தொங்கிய பெண் நிற்பதை நான் கண்டேன். கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். மகளும் கண்டிருப்பாள். அந்த வரி வந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். சனிக்கும் வியாழனுக்கும் இடையில் சிநேகிதிகளுக்கெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல. தமிழே தெரியாத இருநூறு வாய் ஒரே நேரத்தில் "கொத்து!" என்றது. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வரவேயில்லை. பாட்டை நிறுத்தித் திரும்பப் போட்டார்கள். சனத்துக்குப் பிடித்தால் அப்படிச் செய்வார்களாம். இரண்டாம் தரமும் மைக்கை நீட்டினாள். ஆனால் மைக் கூட்டத்துக்கு வருமுன்னமே ஒருவன் தனியாகக் கத்திவிட்டான். அது நான். பின்சுவரில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ எழுதினார். எழுதட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு கணம் எனக்குப் பயம் இருக்கவில்லை. அடுத்த கணம் வந்துவிட்டது.

மகள்தான் வென்றாள். இரண்டு பிள்ளைகளும் மேடையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னது ஒரு வசனம்தான். "அப்பா, நீங்கள் தாளத்துக்கு முந்தீட்டீங்கள்."

இது நடந்து இரண்டு மாதம். இப்போது அவளுக்கு வேறு ஊர்களிலிருந்தும் அழைப்பு வருகிறது. போன ஞாயிறு மத்தியானம் குசினிக்குள் மெல்லப் போய், புதிசாக எழுதியதைக் காட்டேன், எழுத்துப்பிழை இருந்தால் பார்க்கிறேன் என்று கேட்டேன்.

"எழுதிறேல்லை," என்றாள்.

"அப்ப?"

"மண்டைக்குள்ளை."

"மறந்துபோனால்?"

"போனால் போகட்டும். வேறை ஒருத்தரும் வாசிக்க ஏலாதுதானே."

நான் சிரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். இதை மட்டும் ஆங்கிலத்தில் கேட்கவில்லை. சொல்லைத் தேடித் தேடித் தமிழில் கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் எனக்காகப் பயந்தனீங்களோ, எனக்குப் பயந்தனீங்களோ?"

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன உருபுதான். தொழிலில் யாராவது கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். யோசித்தேன். யோசிக்கத் தேவையே இல்லாத கேள்வி அது. நான் யோசித்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பழத்தோலைக் குப்பைக்குள் போட்டுவிட்டு மேலே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மேலே முணுமுணுப்புத் தொடங்கியது. படிக்கட்டின் அடியில் நின்று கேட்டேன். இன்னும் இரண்டு படி ஏறி நின்று கேட்டேன். ஆங்கிலமா தமிழா என்றுகூடத் தெரியவில்லை. வேகம் மட்டும் கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.